பல் போன குழியும் பல் நட்ட எலும்பும்

(தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் புறத்தே, மழைநீர் அரித்து அரித்துப் பிளந்துபோட்ட களிமண் மேடுகளில் நடப்பவர் காலடியில் கடல்வாழ் உயிரிகளின் கல்லெச்சங்கள் தட்டுப்படும். பெரம்பலூரும் அரியலூரும் இன்று பருத்தியும் மக்காச்சோளமும் முந்திரியும் விளையும் மேட்டு நிலங்கள். ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டுகட்கு முன்னர் இவற்றின் பெரும்பகுதி கடலடித் தரையாகக் கிடந்தது. அக்கடலில் திரிந்த சுறாமீன்களின் பற்களை நிலநூல் அறிஞர்கள் காரைப் படிவுகளிலிருந்து திரட்டியுள்ளனர். சுறாவுக்கு எலும்பில்லை, குருத்தெலும்பே உண்டு. ஆகவே அதன் உடல் மட்கி மறைந்தது. பல் மட்டும் கல்லோடு கல்லாக நின்றது.

பல்லின் உறுதிக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. மாந்தன் பல்லின் மேலுறையாகிய பற்சிப்பியில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு கனிமம். உடலில் அதனினும் வன்மையான பொருள் பிறிதொன்றில்லை. செத்தபின் கோடி ஆண்டு நிற்கவல்ல அப்பல், உயிருள்ள வாயில் நாற்பது ஆண்டு நில்லாமல் சொத்தையாகி விழுகின்றது. சுறாவுக்கு வாழ்நாள் முழுதும் பல் முளைத்துக்கொண்டேயிருக்கும். மாந்தனுக்கோ பாற்பல் 20, அவை விழுந்தபின் முளைக்கும் நிலைப்பல் 32, அவ்வளவே! அதற்குமேல் இயற்கை ஒரு பல்லும் ஈவதில்லை.

பல் போனால் சொல் போயிற்று என்பது சிற்றூர்ப் பாட்டியர் வாய்மொழி. அதன் உண்மையைத் தொல்காப்பியர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே இலக்கணமாக்கி வைத்தார். எழுத்தொலி பிறக்கும் இடங்களையும் உறுப்புகளையும் எட்டாக எண்ணிய அப்பேராசான், அவற்றுள் ஒன்றாகப் பல்லை வைத்தார். தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாநுனி ஒற்றப் பிறப்பன. வகரம் மேற்பல்லும் இதழும் இயையப் பிறப்பது. எனவே, 'தமிழ்' என்னும் சொல்லின் முதலெழுத்தே பல்லை நம்பி நிற்கின்றது! முன்பல் இழந்தவன் தாய்மொழியின் பெயரைத் திருந்தச் சொல்ல இடர்ப்படுகின்றான். பல்லைப் பேணுதல் உணவுக்கும் வேண்டும், உரைக்கும் வேண்டும்.

காக்க இயலாத பல்லை எடுத்தே ஆகவேண்டும். அதை எடுப்பதும், எடுத்த இடத்தில் செயற்கை வேர் நடுவதும் மருத்துவர் கைவினை. நாற்காலியை விட்டு எழுந்தபின் நடப்பதெல்லாம் நோயாளியின் வினை. அவர் வீட்டாரின் வினை. மருத்துவர் அரைமணி நேரத்தில் முடித்த வேலையை, வீட்டிலே மூன்று நாளில் கெடுத்துக்கொள்வோர் பலர். வலியின்றி ஆறுவதா, வலியில் துடிப்பதா என்பதைப் பெரும்பாலும் இந்த மூன்று நாளே முடிவு செய்கின்றன. ஆதலின் அந்நாள்களில் செய்யத் தக்கதையும் தகாததையும், அவற்றின் கரணியத்தையும் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

உறைகுருதியே முதல் மருந்து

பல்லைப் பிடுங்கியவுடன் அது நின்ற குழியில் குருதி ஊறி நிரம்புகின்றது. சில மணித்துளிகளில் அக்குருதி உறைந்து கட்டியாகின்றது. அந்த உறைகுருதி கழித்தெறியத் தக்க அழுக்கன்று. அதுவே இயற்கை இட்ட கட்டு. அது திறந்த எலும்பையும் நரம்பு முனைகளையும் காற்றும் எச்சிலும் உணவும் தீண்டாமல் மூடுகின்றது. அதனுள்ளேதான் புதுத்தசை படர்கின்றது. சில கிழமைகளில் அதன்மேல் ஈறு மூடுகின்றது. மூன்று நான்கு திங்களில் குழி புது எலும்பால் நிரம்புகின்றது. இத்தனைக்கும் அடித்தளம் அந்தச் சிறு குருதிக்கட்டியே.

மருத்துவர் பஞ்சுத்துணியை மடித்து வைத்துக் கடிக்கச் சொல்வது இதன்பொருட்டே. அரைமணி முதல் ஒருமணி நேரம் அழுத்திக் கடித்திருந்தால் குருதி உறையும். குருதி நின்றதா என்று பார்ப்பதற்காக ஐந்து மணித்துளிக்கு ஒருமுறை துணியை எடுத்தெடுத்துப் பார்ப்பவர், உறையும் குருதியை ஒவ்வொரு முறையும் பிய்த்தெறிகின்றார். கடித்த வாயோடு பேசுவதும் அத்தகையதே. 

முதல் ஒருநாள் எச்சில் இளஞ்செம்மையாக ஊறுவது இயல்பு. ஒருதுளிக் குருதி வாய்நிறைந்த எச்சிலையும் சிவப்பாக்கும். அதைக் கண்டு அஞ்சித் துப்பத் தொடங்கினால், துப்பும்போது வாயினுள் எழும் இழுவிசை உறைகுருதியைப் பெயர்த்துவிடும். பெரம்பலூரிலிருந்து திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்குச் சென்று பல்லெடுத்துவிட்டுப் பேருந்தில் திரும்புவோர், சன்னலோரம் அமர்ந்து வழிநெடுகத் துப்பிக்கொண்டே வருவதைக் காணலாம். ஊர் வந்து சேரும்போது குழியில் குருதிக்கட்டி இருப்பதில்லை. எச்சிலை விழுங்குவதே தக்கது. இயலாவிடின் தலையைக் குனிந்து, வாயைத் திறந்து, தானே வழியவிடுதல் வேண்டும்.

உறிஞ்சு குழலால் இளநீரோ மோரோ குடிப்பதும் அதே தீங்கைச் செய்யும்; உறிஞ்சும் இழுவிசைக்கு இளநீர் என்றும் மது என்றும் வேற்றுமை தெரியாது. பீடியோ வெண்சுருட்டோ புகைப்பது இருமடங்கு கேடு. இழுப்பதனால் கட்டி பெயரும். புகையிலை நஞ்சு குருதிக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணுக்குச் செல்லும் குருதியைக் குறைக்கும். புகையிலையோடு வெற்றிலை போடுவோர்க்கும் இது பொருந்தும். சுண்ணாம்பும் பாக்குத் தூளும் புண்ணுள் புகுந்தால் எரிவும் அழற்சியும் மிகும். குறைந்தது மூன்று நாள் முற்றும் விலக்குக; ஒரு கிழமை விலக்கின் நன்று; அப்படியே விட்டொழித்தால் பல்லோடு பகையும் போயிற்று!

வறள்குழி என்னும் துன்பம்

உறைகுருதி பெயர்ந்தோ கரைந்தோ போனால் விளைவது என்ன? எலும்பு வெறுமையாகத் திறந்து கிடக்கும். இந்நிலையை 'வறள்குழி' எனலாம். அமெரிக்கப் பல்மருத்துவர் கிராபோர்டு என்பார் 1896-இல் இதனை முதன்முதல் விளக்கி எழுதினார். இயல்பான பல்லெடுப்பில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐவர்க்கு இது நேரலாம். கீழ்த்தாடைக் கடைசிக் கடைவாய்ப்பல்லாகிய அறிவுப்பல்லை எடுத்தவர்க்கு இதனினும் மிகுதி.

இதன் அடையாளம் தெளிவானது. பல்லெடுத்த முதல் நாள் வலி குறைந்துகொண்டே வரும். பின்னர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வலி திடுமெனக் கிளர்ந்தெழும். அது காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறும். வாயில் முடைநாற்றம் வீசும். குழியைப் பார்த்தால் கட்டியின்றி வெளிறிய எலும்பு தோன்றும். இதற்கு வீட்டு மருந்து தேடி அலைதல் வீண். மருத்துவர் குழியைக் கழுவி மருந்து தோய்த்த திரியை வைத்தால் பெரும்பாலும் அன்றே வலி தணியும். 'பல்லெடுத்தால் வலிக்கத்தான் செய்யும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாள் கடத்துவது வீரமன்று. நாளுக்கு நாள் குறையும் வலி ஆறும் புண்ணின் வலி. நாளுக்கு நாள் வளரும் வலி மருத்துவரை அழைக்கும் வலி. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துக.

வீக்கமும் வலியும்

அறுவையின் பின் கன்னம் வீங்குவது உடல் தன் காப்புப் படையைப் புண்ணுக்கு அனுப்புவதன் அறிகுறி. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வீக்கம் உச்சமடையும், பின்னர் வடியும். முதல் நாளில் பனிக்கட்டியைத் துணியில் பொதிந்து, கன்னத்தின் வெளிப்புறத்தில் 15 அல்லது 20 மணித்துளி வைத்து, அதே அளவு நேரம் எடுத்து, மீண்டும் வைத்துவரின் வீக்கம் மட்டுப்படும். பனிக்கட்டியை வெறுமையாகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். மூன்றாம் நாள் முதல் இளஞ்சூட்டு ஒற்றடம் நல்லது. முதல்நாளே சுடச்சுட ஒற்றடம் கொடுப்பது அன்பின் மிகுதியால் விளையும் அறியாமை. சூடு குருதியோட்டத்தைப் பெருக்கி நின்ற குருதியை மீண்டும் கசியச் செய்யும். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தல் வீக்கத்தையும் துடிப்பையும் குறைக்கும்.

உணர்வு மரக்கப் போட்ட ஊசியின் ஆற்றல் இரண்டு முதல் நான்கு மணிநேரம் நிற்கும். அதற்குள் உண்ணத் தொடங்கினால் உதட்டையும் கன்னத்தையும் தாமே கடித்துக்கொள்வர். சிறுவரிடம் இது மிகுதி. உணர்வு மீளுமுன்பே மருத்துவர் எழுதித்தந்த வலிநீக்கியை உட்கொள்ளுதல் நன்று. வலி தலைதூக்கிய பின் அடக்குவதினும் தூக்குமுன் தடுப்பது எளிது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஈளை நோய் உடையோரும் கருவுற்ற மகளிரும் அதனை முன்பே மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். சில வலிநீக்கிகள் அவர்க்கு ஆகா.

ஆசுப்பிரின் மாத்திரையை ஈற்றில் அதக்கி வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது காடிப்பொருள், வைத்த இடத்தை வெந்துபோகச் செய்யும், குருதி உறைவதையும் தடுக்கும். ஆயினும், நெஞ்சக நோய்க்காக அம்மாத்திரையையோ குருதியுறைவைத் தடுக்கும் பிற மருந்தையோ நாள்தோறும் உண்போர், பல்லெடுப்பதற்கென அதனைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. அதனால் உயிருக்கே இடர் நேரலாம். இரு மருத்துவரும் அறிய முடிவு செய்யத் தக்கது அது. எலும்புத் தேய்வுக்கு மருந்துண்போரும் பல்லெடுக்குமுன் சொல்லியே ஆகவேண்டும். அவற்றுட் சில மருந்துகள் தாடையெலும்பை ஆறவிடாமல் செய்வதுண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எழுதித் தரப்பட்டிருப்பின், வலி நின்றதென்று இடையில் விட்டுவிடாமல் சொன்ன நாள்வரை உண்க. எழுதித் தரப்படாவிடின், கடையில் தாமே கேட்டு வாங்கி உண்ணற்க.

உணவும் வாய்த்தூய்மையும்

புண் ஆற ஊட்டம் வேண்டும். மெல்ல முடியவில்லை என்று பட்டினி கிடப்பவர் புண் மெல்லத்தான் ஆறும். தமிழர் அடுக்களையில் இதற்கு வழி நிறைய உண்டு. ஆறிய கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், குழையப் பிசைந்த மோர்ச்சோறு, காரமில்லாப் பருப்புச்சோறு, இட்டலி, வெந்த முட்டை, கனிந்த வாழைப்பழம், இளநீர் ஆகியன போதும். எல்லாம் ஆறியிருத்தல் வேண்டும். கொதிக்கும் குளம்பியும் தேநீரும் முதல் நாள் ஆகா. முறுக்கு, வறுத்த சோளம், நிலக்கடலை போன்றவை கூர்ந்து குத்தும். எள்ளும் கடுகும் குழிக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். மற்றப் புறத்தால் மெல்லுதல் நன்று.

முதல் 24 மணிநேரம் வாய் கொப்பளிக்கலாகாது. மறுநாள் முதல், ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின்னும் படுக்குமுன்னும் வாயில் வைத்து, தலையை இப்பாலும் அப்பாலும் சாய்த்து, வழியவிடுக. தொண்டை அதிரக் கொப்பளித்துப் பீய்ச்சுவது வேண்டா. மற்றப் பற்களை முதல்நாள் இரவே மெல்லத் துலக்கலாம். புண்ணை மட்டும் விலக்குக. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதியென்பது பழமொழி. அது நலமுள்ள வாய்க்குச் சொன்னது. புண்ணுள்ள வாயில் குச்சியின் நார் குத்திக் கிழிக்கும். நாவாலும் விரலாலும் குழியைத் துழாவுவதும் தகாது.

உடலுழைப்பைப் பற்றியும் ஒரு சொல். அரியலூர் வட்டாரம் சுண்ணக்கல் சுரங்கங்களும் பைஞ்சுதை (சிமெண்டு) ஆலைகளும் நிறைந்தது. மூட்டை தூக்குவோர், கல்லுடைப்போர், வெயிலில் களையெடுப்போர் ஆகியோர் பல்லெடுத்த மறுநாளே பணிக்குச் சென்றால், குருதியழுத்தம் ஏறிப் புண்ணில் குருதி கசியும். இரண்டு மூன்று நாளாவது ஓய்வு வேண்டும். கூலி போகுமே என்னும் கவலை மெய்யானதே. ஆயினும் வறள்குழி வந்து ஒரு கிழமைக் கூலியை இழப்பதினும், இரண்டு நாள் கூலியை இழப்பது இழப்பன்று. 

பல்நடவு

எடுத்த பல்லின் இடத்தை நிரப்பக் கழற்றி மாட்டும் பல்வரிசையும், அடுத்த பற்களைத் தாங்கலாகக் கொண்ட பாலப்பல்லும் உண்டு. மூன்றாவது முறையே, ஆங்கிலர் 'இம்பிளாண்ட்டு' என்று வழங்குவது. எலும்பிலேயே செயற்கை வேரை நட்டு அதன்மேல் பல்லைப் பொருத்தும் இதனைப் 'பல்நடவு' என்பது தகும். இச்சொல்லை எந்த உழவனுக்கும் விளக்க வேண்டியதில்லை.

இம்முறை பிறந்த கதை வியப்பானது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரானமார்க்கு என்பார், 1952-இல் முயலின் கால் எலும்பினுள் குருதியோட்டத்தைக் காண்பதற்காகத் தைட்டானியம் என்னும் மாழையால் (உலோகத்தால்) ஆன காண்கருவிக் கூட்டைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதனைக் கழற்ற முனைந்தபோது அது வரவில்லை. எலும்பு அதனைத் தன்னோடு இறுகப் பற்றிக்கொண்டிருந்தது! கழற்ற முடியாமற் போனதே பெரும் கண்டுபிடிப்பாயிற்று. 1965-இல் யோசுத்தா இலார்சன் என்பவர் கீழ்த்தாடையில் நான்கு தைட்டானிய வேர்களை அவர் நட்டார். இலார்சன் 2006-இல் இறக்கும்வரை, நாற்பதாண்டுக்கு மேல், அவை அவருக்கு உழைத்தன. நெடுங்காலம் ஐயுற்ற மருத்துவ உலகம், கனடாவின் தொராண்டோ நகரில் 1982-இல் கூடிய மாநாட்டின் பின் இம்முறையை ஏற்றது.

நாற்று நட்டவுடன் நட்ட வயலில் எவரும் மாட்டை ஓட்டுவதில்லை. வேர்பிடிக்கும்வரை நீர் காத்து, களை காத்து, காலடி படாமற் காக்கின்றனர். பல்நடவும் அத்தகையதே. புது எலும்பு தைட்டானியத்தின்மேல் படர்ந்து பற்றுவதற்குத் திங்கள்கள் ஆகும். பிரானமார்க்கு வகுத்த முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று திங்களும் மேல்தாடைக்கு ஆறு திங்களும் காத்திருந்தனர். இன்று பலர்க்கு இக்காலம் குறைந்துள்ளது; சிலர்க்கு உடனேயும் தற்காலிகப் பல் பொருத்துகின்றனர். எவர்க்கு எவ்வளவு என்பது எலும்பின் அளவையும் திண்மையையும் பொறுத்தது. இக்காலத்தில் நட்ட வேர் தலைமுடியின் பருமன் அளவுக்குமேல் அசைந்தாலும், அதனைச் சுற்றி எலும்பு படர்வதற்கு மாறாக நார்த்தசை படரும். நார்த்தசை படர்ந்த வேர் ஆடும், பின் விழும். வலியில்லையே என்று கரும்பைக் கடித்துப் பார்ப்பவர், வேர்பிடிக்குமுன் நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பவரே ஆவர்.

நடவின் பின் முதல் சில நாளுக்குரிய பேணுதல் பல்லெடுப்புக்குச் சொன்னதே: அழுத்திக் கடித்தல், பனிக்கட்டி, மென்மையான உணவு, துப்பாமை, புகையாமை. தையல் இட்டிருப்பின் ஏழு முதல் பத்து நாளில் பிரிப்பர். தானே கரையும் நூலும் உண்டு. அதனைக் கண்ணாடிமுன் நின்று கத்தரிப்பது மடமை. ஈற்றுக்கு வெளியே சிறு மூடி தெரியுமாயின் அதனை நாவால் நெருடலாகாது. அது தளர்ந்தால் மருத்துவரிடம் செல்க. புகைப்போர்க்கு நடவு தோற்பது புகையாதாரினும் ஏறத்தாழ இருமடங்கு என ஆய்வுகள் காட்டுகின்றன. நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்க்குப் புண் ஆறுவது தாழும். முதலில் நோயை அடக்கிப் பின்னர் நடவுக்குச் செல்லுதல் முறை. நட்ட பல்லுக்குச் சொத்தை வாராது. ஆனால் அதனைச் சுற்றிய ஈறும் எலும்பும் அழுக்கால் அழுகும். ஆகவே அதற்கும் நாளிருமுறை துலக்குதல் உண்டு.

புதுப்பல் பொருத்திய தொடக்கத்தில் சொல் குழறும். நாள்தோறும் கால்மணி நேரம் தமிழ்நூலொன்றை வாய்விட்டுப் படித்தால், தகரமும் நகரமும் வகரமும் விரைவில் தம் இடம் சேரும்.

பொய்ந்நம்பிக்கையும் போலி மருத்துவமும்

மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்னும் அச்சம் ஊர்தோறும் உள்ளது. பார்வைக்குரிய நரம்பு வேறு. மேற்பல்லுக்குரிய நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை குன்றுவதில்லை. இவ்வச்சத்தால் சீழ்பிடித்த பல்லை ஆண்டுக்கணக்கில் வாயில் வைத்திருந்து, முகமே வீங்கி மருத்துவமனைக்குச் செல்வோர்தாம் உண்மையான இடரைத் தேடிக்கொள்கின்றனர். 

சந்தையோரத்தில் அமர்ந்து கம்பியாலும் குழம்பு நெகிழியாலும் ஒரே மணியில் 'பல்கட்டுவோர்' பற்றியும் எச்சரிக்கை வேண்டும். அவர் ஒட்டும் பொருள் ஈற்றை அழுத்தி அழுகச் செய்யும். நல்ல பல்லையும் கெடுக்கும். 1948-ஆம் ஆண்டுப் பல்மருத்துவர் சட்டம், தகுதி பெற்றுப் பதிவு செய்தோரையே பல்மருத்துவராக ஏற்றது. பதிவு பெற்றவரா என்று கேட்பது நோயாளியின் உரிமை, நாணத் தக்கதன்று.

நான்காம் உறுப்பு

மருத்துவத்தைத் திருவள்ளுவர் நான்கு உறுப்பாக வகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணும் உழைச்செல்வான். பல்லெடுத்து வீடு திரும்பியவர்க்குத் தாயும் மனைவியும் கணவனும் மக்களுமே உழைச்செல்வார். அவர்கள் செய்ய வேண்டுவதை அவர்கள் அறியும் மொழியில் சொல்லாவிடின், நான்கில் ஓர் உறுப்பு ஊனமாகின்றது.

குன்னம் பக்கத்து உழவர் ஒருவர் அறிவுப்பல்லை எடுத்துக்கொள்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். வாயில் பஞ்சு, பேச முடியாது, கேட்கவும் முடியாது. கையில் ஒரு தாள். அது முழுதும் ஆங்கிலம். 'துப்பாதே' என்னும் ஒரு சொல் அதில் அச்சாகியிருக்கின்றது. ஆனால் அது அவருக்கு எட்டவில்லை. அவர் துப்புகின்றார். மூன்றாம் நாள் இரவு வலியில் துடிக்கின்றார். இங்கே கெட்டது மருந்தா? மருத்துவர் கையா? இரண்டும் இல்லை, சொல் சென்று சேராததே கேடு. தமிழ் பேசும் மருத்துவர், தமிழ் பேசும் நோயாளிக்கு, தமிழ்நாட்டு மண்ணில், தமிழில் ஒரு தாள் தருவதற்குத் தடை என்ன? அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றது. மருத்துவம் ஊருக்கு அருகில் வந்துவிட்டது. அதன் மொழியும் அருகில் வருதல் வேண்டும். கேட்டால் மறுக்கும் மருத்துவர் அரியர்; கேட்பவர்தாம் இல்லை.

அதுவரை, கீழ்வரும் பத்து வரிகளை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுக. எழுதப் படிக்கத் தெரிந்த பள்ளிப்பிள்ளை இதனைப் பாட்டிக்குப் படித்துக்காட்டட்டும்.

1. பஞ்சுத்துணியை ஒருமணி நேரம் அழுத்திக் கடித்திரு; எடுத்தெடுத்துப் பார்க்காதே.
2. துப்பாதே, உறிஞ்சாதே, புகைக்காதே.
3. முதல் நாள் கன்னத்தின் வெளியே பனிக்கட்டி. மூன்றாம் நாள் முதல் இளஞ்சூடு.
4. மரப்பு நீங்கும்வரை உண்ணாதே.
5. ஆறிய, மென்மையான உணவை வயிறார உண்.
6. ஒருநாள் கழித்து உப்புநீரை வாயில் வைத்து வழியவிடு.
7. சொன்ன மருந்தைச் சொன்ன அளவில் உண், சொல்லாததை உண்ணாதே.
8. மூன்று நாள் சுமை தூக்காதே. தலையை உயர்த்திப் படு.
9. நட்ட பல்லால் மருத்துவர் இசைவு தரும்வரை கடிக்காதே.
10. கீழ்க்காணும் குறி தோன்றின் உடனே மருத்துவரிடம் செல்.

அக்குறிகள் இவை: ஒருமணி நேரம் கடித்தும் நில்லாக் குருதி, மூன்றாம் நாளுக்குப் பின்னும் வளரும் வீக்கம், காய்ச்சல், சீழ், நாள் செல்லச் செல்ல மிகும் வலி, மறுநாளும் நீங்காத உதட்டு மரப்பு, நட்ட வேரில் ஆட்டம். இவற்றுக்கெல்லாம் மேலாக, விழுங்கவோ மூச்சுவிடவோ முடியாமை, நாவின் அடியும் கழுத்தும் வீங்குதல் ஆகியன தோன்றின் விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். செருமானிய மருத்துவர் இலுத்விக்கு 1836-இல் எழுதிவைத்த அக்கொடுநோய் சில மணிநேரத்தில் மூச்சை அடைக்கவல்லது. உரிய காலத்தில் சென்றால் தீர்க்கத் தக்கது.

பெருமக்களே! காரையில் கிடக்கும் சுறாப்பல்லைக் காக்க எவரும் முயலவில்லை. அது தானே நின்றது. உயிருள்ள வாயின் பல்லுக்கும், பல் போன புண்ணுக்கும் காவல் வேண்டும். அக்காவலுக்குப் பெரும்பொருள் வேண்டா. மூன்று நாள் அடக்கம், ஒரு பிடி உப்பு, அருகிருக்கும் ஓர் அன்புள்ளம், புரியும் மொழியில் பத்து வரி ஆகியன போதும். இன்று வீடு திரும்பியதும் முதற்கண் அப்பத்து வரிகளை எழுதுங்கள். அண்டை வீட்டார்க்கும் ஒரு படி எழுதிக் கொடுங்கள்.